எங்கள் பட்டறையின் மருந்து டப்பா: நான்கு பாட்டிலும் ஒரு சோப்பும்

கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், என்னையும் சேர்த்து ஐந்து பேர். பம்புக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கிற வேலை. இந்தத் தொழிலில் யார் விரலிலாவது வெட்டு விழாத வாரம் கிடையாது. ஸ்டீல் கடையும்போது சீவல் நீளமாகச் சுருண்டு வருமே, அது பிளேடுக்குச் சமம். கையால் இழுக்காதே, கொக்கியால் இழு என்று எத்தனை முறை சொன்னாலும் கைதான் முதலில் போகும். எனக்கே போகும்.

ஆக, இருபத்திரண்டு வருடமாக ஆன்டிசெப்டிக் வாங்கிக்கொண்டிருக்கிற ஆள் நான். ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவியபோது மருந்து டப்பாவைத் தலைகீழாகக் கொட்டினேன். டெட்டால் ஒன்று, சாவ்லான் ஒன்று, மூடி துருப்பிடித்த ஸ்பிரிட், தேதி முடிந்த ஹைட்ரஜன் பெராக்சைடு, பெட்டடைன் ஆயின்மென்ட் ட்யூபில் கடைசித் துளி, காய்ந்து கட்டியாகிப்போன நீல மருந்து, கிரீஸ் கையால் பிய்த்துப் பிய்த்துக் கறுத்துப்போன பஞ்சு. எல்லாவற்றையும் பெஞ்சில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான், இதில் ஒன்றின் லேபிளைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை என்று உறைத்தது. புது டிரில் பிட் வாங்கினால் எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓட்டுவது என்று பார்க்கிறோம். மருந்தை மட்டும் வாசனை பிடித்துப் பார்த்து நம்பிவிடுகிறோம்.

வாசனையைவிடப் பெரிய நம்பிக்கை இன்னொன்று உண்டு. எரிச்சல். "நல்லா எரியுதாண்ணா? அப்ப வேலை செய்யுது" என்பது எங்கள் தெரு முழுக்கச் செல்லுபடியாகும் சொல். அந்த நம்பிக்கைக்கு நான் கட்டிய விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வயது இருபத்து நான்கு இருக்கும். இடது கை நடுவிரலில் ஒரு சாதாரண வெட்டு. அவசர ஆர்டர் போய்க்கொண்டிருந்தது. பஞ்சில் ஆன்டிசெப்டிக்கைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றி, விரலைச் சுற்றி வைத்து, மேலே துணி கட்டி, அதற்கும் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். எண்ணெய் உள்ளே போகக் கூடாதாம், அவ்வளவு புத்திசாலித்தனம். இரவெல்லாம் எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷமாகப் படுத்தேன். விடியற்காலையில் எரிச்சல் நின்று மரத்துப்போனது. குணமாகிவிட்டது என்று இன்னும் சந்தோஷம். கட்டைப் பிரித்தால் வெட்டைச் சுற்றி விரல் முழுக்க வேகவைத்த மாதிரி வெளுத்து, தொட்டவுடன் தோல் உரிந்து வந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, "காயம் சின்னதுதான் தம்பி. நீ போட்ட மருந்துதான் பெரிய காயம்" என்றார். மூன்று வாரம் லேத் பக்கம் போகவில்லை. எந்த பாட்டில் என்று கேட்காதீர்கள். தப்பு அதனுடையது இல்லை. தண்ணீரில் கலந்து பயன்படுத்தவும் என்று அதன் முதுகிலேயே எழுதியிருந்தது.

பின்னால் தெரிந்துகொண்டது: இது புதுக் கதையே இல்லை. 1860களில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கார்பாலிக் ஆசிட்டைக் காயங்களுக்குப் பயன்படுத்தித்தான் இந்த ஆன்டிசெப்டிக் என்ற விஷயமே பரவியது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. அதே கார்பாலிக்கை விரலில் நனைத்துக் கட்டிவிட்டு விரலே அழுகிப்போன சம்பவங்களும் மருத்துவ நூல்களில் இருக்கின்றன. விரல் மெல்லியது, சுற்றிக் கட்டினால் மருந்து ஆவியாகவும் வழியில்லை, உள்ளேயே நின்று வேகவைக்கும். மரத்துப்போனதால் வலியும் தெரியாது.

சரி, பாட்டில்களுக்கு வருகிறேன்.

டெட்டால். 1930களில் இங்கிலாந்தில் வந்த சரக்கு, இன்றைக்கும் நம் ஊரில் மருந்து வாசனை என்றால் மூக்குக்கு இதுதான் நினைவு வரும். உள்ளே இருக்கும் மருந்து குளோரோசைலினால், 4.8 சதவீதம். மீதியில் எண்ணெய், ஆல்கஹால், சோப்பு. தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாகிறதே, அதை வீட்டில் எல்லோரும் ஏதோ கிருமி செத்து மிதக்கிற மாதிரிப் பார்ப்பார்கள். லேத்காரனுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கடையும்போது சூடு தணிக்க நாங்கள் விடுகிற கட்டிங் ஆயிலைத் தண்ணீரில் ஊற்றினாலும் இதே பால் வெள்ளைதான். தண்ணீரில் கரையாத எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாகப் பிரிந்து நிற்பதால் வருகிற நிறம் அது.

இதில் எனக்கே என் மேல் கோபம் வருகிற ஒரு விஷயம் இருக்கிறது. கட்டிங் ஆயிலை நாங்கள் ஒன்றுக்கு இருபது என்ற கணக்கில் கலக்குகிறோம். கொஞ்சம் கூடினால் பசை கட்டும், குறைந்தால் துருப்பிடிக்கும் என்று டிரம்மில் மார்க்கரால் எழுதியே வைத்திருக்கிறோம். காயம் கழுவ டெட்டாலுக்கும் ஏறத்தாழ அதே கணக்குதான், ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர். இரும்புக்கு அளந்து ஊற்றிய கை, விரலுக்கு அளக்கவில்லை.

அளந்து கலந்தால் டெட்டால் நல்ல பொருள். வெட்டைச் சுற்றியுள்ள தோலைத் துடைக்க, சிராய்ப்பைக் கழுவ, காயம்பட்டவனின் துணியை அலச, தரை துடைக்க. மூடியே அளவுக் கிண்ணமாகவும் இருப்பது வசதி. குறை என்றால், பின்பக்க எழுத்துகள் எறும்பு அளவு. எண்ணெய்க் கை பட்டுப்பட்டு இரண்டே மாதத்தில் அதுவும் அழிந்துவிடும். வாசனை பலமாக இருப்பதால் "இன்னும் கொஞ்சம் ஊத்தலாம்" என்ற கெட்ட ஆசையையும் அது கிளப்பிவிடும். வீட்டில் தினமும் குளிக்கிற தண்ணீரில் ஊற்றுகிறார்கள். சிலருக்குத் தோல் வறண்டு அரிப்பு வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பூனை வளர்ப்பவர்களுக்கு: இந்த வகை மருந்தைப் பூனையின் உடம்பால் சரியாகப் பிரித்து வெளியேற்ற முடியாது. பூனை காலை நக்கும் பிராணி. தரையைத் துடைத்தால் காயும்வரை உள்ளே விடாதீர்கள்.

அடுத்தது சாவ்லான். மஞ்சள் நீர், வாசனை மிதம், எரிச்சல் குறைவு. அதனாலேயே எங்கள் பையன்களிடம் மரியாதை இல்லை. "தண்ணி மாதிரி இருக்குண்ணா" என்பார்கள். உள்ளே குளோர்ஹெக்சிடின், செட்ரிமைடு என்று இரண்டு மருந்து. செட்ரிமைடு சோப்பு போல அழுக்கையும் கிளப்பும் என்பதால் கிரீஸ் கைக்குப் பொருத்தம். ஆனால் இதில் எங்களைப் போன்றவர்கள் செய்கிற ஒரு தப்பு உண்டு. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, நுரை போகுமுன்பே இதை ஊற்றுவோம். சோப்பும் இதுவும் ஒன்றுக்கொன்று எதிர் மின்னூட்டம் கொண்டவை. கலந்தால் சாவ்லான் பலமிழந்துவிடும். சோப்பு போட்டால் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். பத்து வருடம் இரண்டையும் சேர்த்து ஊற்றி இரண்டையும் வீணாக்கியிருக்கிறேன்.

இதற்கும் தண்ணீர் கலக்க வேண்டும். எரியவில்லை என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்று நினைக்க வேண்டாம். குளோர்ஹெக்சிடின் கண்ணில் பட்டால் கருவிழி கெடலாம். காது வலிக்கு இரண்டு சொட்டு விடுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. காதுச் சவ்வில் ஓட்டை இருந்து உள்காதுக்குப் போனால் கேட்கும் திறனே போகலாம். காதுக்குள் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்?

ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டறையின் ஹீரோ. ஊற்றியவுடன் புஸ்ஸென்று வெள்ளையாகப் பொங்கும். "பாருண்ணா, அழுக்கெல்லாம் வெளிய வருது." நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ரசித்தேன். ஒரு நாள் வீட்டில் உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய முகத்தில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். அங்கும் பொங்கும். உருளைக்கிழங்கிலும் நம் ரத்தத்திலும் சதையிலும் உள்ள ஒரு நொதி இதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது, அதுதான் நுரை. அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. காய்ந்து ஒட்டிய ரத்தத்தைத் துணியிலிருந்து எடுக்க இதைவிட நல்ல பொருள் இல்லை. அந்த வேலைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆறிக்கொண்டிருக்கிற புண்ணில் தினமும் ஊற்றினால், புதிதாக வளர்கிற செல்லையும் சேர்த்துக் கொல்லும். புண் ஆறுவது தள்ளிப்போகும்.

வாங்கும்போது வால்யூம் பாருங்கள். 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 வால்யூம் என்றால் 6 சதவீதம். 20 வால்யூம் என்பதன் பொருள், ஒரு பங்கு திரவத்திலிருந்து இருபது பங்கு ஆக்சிஜன் வாயு வரும். ஆணி குத்திய ஆழமான துளைக்குள் இதைப் பீய்ச்சிவிட்டால் அந்த வாயு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதைத் தண்ணீரில் கலந்து குடித்தால் உடம்புக்கு ஆக்சிஜன் ஏறும் என்று ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸப்பில் சுற்றும். பலமான பெராக்சைடைக் குடித்தவர்களுக்கு வயிறு வெந்து, வாயுக் குமிழி ரத்தத்தில் ஏறி மூளை வரை போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

இப்போது டப்பாவில் நிரந்தர இடம் பிடித்திருப்பது போவிடோன் அயோடின். பெட்டடைன் என்று கேட்டால்தான் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள், வேறு கம்பெனிகளிலும் அதே மருந்து இருக்கிறது. 1950களில் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. அதற்கு முன்பு இருந்த டிங்க்சர் அயோடின் ஆல்கஹாலில் கரைத்தது. எங்கள் அப்பா தலைமுறை அலறியது அந்த எரிச்சலில்தான். இதில் அயோடினை ஒரு பாலிமரோடு பிணைத்து வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். 10 சதவீதக் கரைசல் என்று போட்டிருந்தாலும் அதில் வேலை செய்கிற அயோடின் ஒரு சதவீதம்தான். தடவிவிட்டு உடனே துடைக்காமல் ஓரிரு நிமிடம் காயவிட வேண்டும். பழுப்பு நிறம் இருக்கும்வரை மருந்து இருக்கிறது, நிறம் வெளுத்தால் தீர்ந்துவிட்டது. இப்படிக் கண்ணாலேயே கணக்குப் பார்க்க முடிகிற மருந்து வேறு எது? சட்டைக் கறை சோப்புக்குப் போய்விடும்.

என் மனைவிக்குத் தைராய்டு. தினம் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறாள். "ஏனுங்க, அயோடின்னா எனக்கு ஆகுமா?" என்று அவள் கேட்டபோதுதான் அந்தப் பக்கமே யோசித்தேன். மருத்துவரிடம் கேட்டதற்கு, எப்போதோ ஒரு சின்ன வெட்டுக்குத் தொட்டுவைத்தால் பரவாயில்லை, பெரிய புண்ணில் நாள்கணக்கில் போடக் கூடாது என்றார். அயோடின் தோல் வழியாக உள்ளே ஏறும். பச்சைக் குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும் கேட்காமல் போட வேண்டாம்.

ஸ்பிரிட்டைப் பற்றி இரண்டே வரி. கிரைண்டர் பொறி பறக்கிற இடத்தில் ஸ்பிரிட் பஞ்சை வைத்திருந்த முட்டாள் நானேதான்; இப்போது டப்பாவில் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உடம்பெல்லாம் ஸ்பிரிட் தேய்க்கிற பழக்கத்தை எங்கள் பகுதியில் இன்னும் பார்க்கிறேன். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் குழந்தையின் உடம்பில் ஏறி மயக்கம்வரை கொண்டுபோகும்.

நீல மருந்து, அதுதான் ஜென்ஷியன் வயலெட், சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்கு ஊதா நாக்கோடு பள்ளிக்குப் போன நினைவு. 2019இல் கனடா அரசின் சுகாதாரத் துறை, புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று இதை விட்டுவிடச் சொல்லி எச்சரித்தது. எங்களுடையது ஏற்கெனவே கட்டியாகி இருந்ததால் பிரிவு உபசாரம் இல்லாமல் குப்பைக்குப் போனது. போரிக் பவுடர் டப்பா ஒன்றும் இருந்தது. அது மருந்தாக வாங்கியதில்லை, ஞாயிற்றுக்கிழமை கேரம் விளையாட. அதைத் தொடையிடுக்குப் புண்ணுக்குப் போட்டுக்கொள்கிற பையனைப் பிடித்து நிறுத்தினேன். கிழிந்த தோல் வழியாக அது உடம்பில் ஏறும். ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு இடுப்புப் புண்ணில் தூவி உயிரே போன சம்பவங்கள் உண்டு.

பாட்டில் இல்லாத மருந்துகளையும் சொல்லாவிட்டால் பட்டறை விமர்சனம் முழுமையாகாது. ரத்தம் நிற்கக் காபித்தூள், வீக்கத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும், தீப்பொறி பட்டால் பல் தேய்க்கிற பேஸ்ட், அதுவும் இல்லாவிட்டால் கிரீஸ். மஞ்சளில் கிருமியைத் தடுக்கும் குணம் இருப்பதாகச் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அது மண்ணுக்கடியில் விளைந்து, களத்தில் காய்ந்து, மில்லில் அரைபட்டு வந்த தூள். காயத்துக்கென்று யாரும் அதைக் கிருமி நீக்கித் தருவதில்லை. ரசத்துக்குப் போடுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் பத்து நிமிடம் அழுத்துங்கள், நிமிடத்துக்கொரு முறை தூக்கிப் பார்க்காமல்.

அப்படியானால் காயத்துக்கு எது? ஓடுகிற தண்ணீர். கேட்கவே சப்பென்று இருக்கிறது, தெரியும். குடிக்கிற தரத்தில் உள்ள குழாய்த் தண்ணீரில் கழுவினாலும், ஆஸ்பத்திரி சலைனில் கழுவினாலும், சாதாரண வெட்டுக்குத் தொற்று விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில், பின்னாளில் பென்சிலின் கண்டுபிடித்த அதே ஃப்ளெமிங், பிரான்சில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, முள்முள்ளாக இழுத்து, குண்டடிக் காயம் போல ஒரு மாடல் செய்தாராம். இதைப் படித்தபோது, அடடா, இவர் நம்ம ஜாதி, சொல்லி விளக்காமல் பீஸ் செய்து காட்டுகிற ஆள் என்று தோன்றியது. அந்த முள் இடுக்குகளுக்குள் எந்த ஆன்டிசெப்டிக்காலும் நுழைந்து கிருமியைக் கொல்ல முடியவில்லை. மாறாக, கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களைத்தான் அது முதலில் கொன்றது. ஆழமான காயத்தில் மருந்தை ஊற்றி நிரப்புவதைவிட உப்புத் தண்ணீரில் கழுவுவது மேல் என்று அவரும் அவருடைய தலைவர் ஆல்ம்ராத் ரைட்டும் சொன்னார்கள். நூறு வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் தெருவுக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

டெட்டனஸ் விஷயமும் அப்படித்தான். துரு குத்தினால் ஊசி போட வேண்டும், பளபளப்பான இரும்பு குத்தினால் வேண்டாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது, துருவில் பிறப்பதில்லை. ஆழத்தில் காற்றுப் படாத இடத்தில் வளரும். மேலே எந்த பாட்டிலை ஊற்றினாலும் அதற்கு எட்டாது. ஊசிதான் வழி. இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் TT என்ற பெயர் Td என்று மாறிவிட்டது, தமிழில் எழுதினால் பழைய டி.டி.யேதான். நாய் கடித்தாலும் இதே கதை. முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும், கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதை உடைத்துவிடும். அதற்கப்புறம் அயோடின். அதற்கப்புறம் நேராக அரசு ஆஸ்பத்திரி, அங்கே தடுப்பூசி இலவசம். எங்கள் ஆள் ஒருவரைத் தெரு நாய் கடித்தபோது தண்ணீர் கலக்காத ஆன்டிசெப்டிக்கை ஊற்றிக்கொண்டு, "எரிஞ்சிருச்சு, விஷம் செத்திருக்கும்" என்று மதிய ஷிஃப்ட் பார்க்க நின்றார். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

எரிச்சலே இல்லாத ஆபத்து ஒன்று எங்கள் தொழிலுக்கென்றே இருக்கிறது. கிரீஸ் கன், ஹைட்ராலிக் ஹோஸ். அழுத்தத்தில் பீய்ச்சி விரலில் ஏறிவிட்டால் ஊசி குத்திய அளவுதான் ஓட்டை. ஒரு சொட்டு ரத்தம்கூட வராது. டெட்டால் தொட்டு வைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே எண்ணெய் விரல் நெடுகப் பரவிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலே போகலாம்.

வீட்டுக்கு வந்தால், எனக்கு மிகப் பயம் கொடுத்தது அம்மா. இருபது வருடச் சர்க்கரை. பித்தவெடிப்பு என்று ஒரு அண்டாவில் வெந்நீர் ஊற்றி, நாலு மூடி ஆன்டிசெப்டிக் விட்டு, அரை மணி நேரம் காலை வைத்துக்கொண்டு டிவி பார்ப்பார். "எரியுதாம்மா?" என்று கேட்டால், "ஒண்ணுமே இல்ல சாமி, இதமா இருக்குது" என்பார். ஒரு நாள் என் கையை அந்தத் தண்ணீரில் விட்டேன். இரண்டு விநாடி தாங்கவில்லை. அம்மாவின் பாதத்தில் சூடும் தெரியவில்லை, மருந்தின் காரமும் தெரியவில்லை. சர்க்கரையில் நரம்பு மரத்துப்போயிருக்கிறது. குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவு கொப்புளம், அவருக்கே தெரியாமல். அது ஆற நாலு மாதம் ஆனது. சர்க்கரைக்காரர்கள் காலை ஊறவைக்கவே கூடாது. சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றி, தினம் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு என் மனதில் எரிச்சல் என்ற அளவுகோல் முழுசாக உடைந்துபோனது. எரிந்தபோது எனக்கு விரல் வெந்தது, எரியாதபோது அம்மாவுக்குக் கால் வெந்தது.

குடிப்பதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனா உச்சத்தில், அமெரிக்க அதிபர் டிரம்ப் கிருமிநாசினியை உடம்புக்குள் செலுத்த முடியுமா என்று பேசப்போய், டெட்டால் தயாரிக்கிற ரெக்கிட் நிறுவனமே மறுநாள் அறிக்கை விட்டது: எந்த வழியிலும் உடம்புக்குள் செலுத்தாதீர்கள் என்று. சிரித்தோம். ஆனால் எங்கள் பட்டறையிலேயே பினாயில் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் இருந்தது. தண்ணீர் கலந்து வெள்ளையாக. மோர் என்று நினைத்து ஹெல்பர் பையன் மூடியைத் திறந்துவிட்டான், வாசனைதான் காப்பாற்றியது. அன்று மாலையே எல்லாவற்றையும் சொந்த பாட்டிலுக்கு மாற்றினேன். யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இவற்றில் சோப்பும் எண்ணெயும் இருப்பதால் நுரைத்து, வாந்தியோடு நுரையீரலுக்குள் போகும். அதுதான் ஆளைக் கொல்வது. 108 கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் விடாமல் தண்ணீர், பிறகு மருத்துவர்.

இப்போது டப்பாவில் இருப்பவை: வாசனையில்லாத ஒரு சோப்புக் கட்டி, தனித்தனியாக உறையில் வரும் கட்டுத்துணி, பிளாஸ்டர், அயோடின் கரைசல் சின்ன பாட்டில், கண் கழுவ இரண்டு சலைன். டெட்டாலும் இருக்கிறது. ஆனால் மேல் தட்டில், மூடியில் மார்க்கரால் "1 : 20" என்று எழுதி. கட்டிங் ஆயில் டிரம்மில் எழுதிய அதே மார்க்கர். சாவ்லான் வீட்டுக்குப் போய்விட்டது. பெராக்சைடு இனி வாங்கப்போவதில்லை. மொத்தச் செலவு, லேத்தில் இரும்பைச் சீவுகிற ஒரு நல்ல கார்பைடு டிப் விலைகூட வராது.

சேர்ந்து மூன்று மாதமான பையனுக்குப் போன வாரம் முதல் வெட்டு. குழாயடியில் நிறுத்தி ஐந்து நிமிடம் கழுவவிட்டேன், சுற்றிலும் அயோடின், மேலே கட்டு. முகத்தைச் சுளித்துத் தயாராக நின்றவன், "அவ்வளவுதானாண்ணா? எரியவே இல்லையே" என்றான், ஏமாந்துபோன குரலில்.

அம்மா விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. அண்டாவை எடுத்துப் பரணில் போட்டாயிற்று. கட்டிலுக்கடியில் சேலைப் பெட்டிக்குப் பின்னால் பழுப்பு பாட்டில் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை பாத்திரம் துலக்குகிற சாக்கில் அந்த அறைப் பக்கம் போய், அளவு இறங்கியிருக்கிறதா என்று என் மனைவி பார்த்துவிட்டு வருகிறாள்.